ஆள் எடுப்பதும் ஆளை வளர்ப்பதும்: டேலண்ட் அக்விசிஷன், டேலண்ட் மேனேஜ்மென்ட் துறைக்குள் நுழைய முழுமையான வழிகாட்டி

“சீனியர் அக்கவுண்டன்ட் ஒருவர் வேண்டும். அவசரம்.”

டிபார்ட்மென்ட் மேனேஜரிடமிருந்து இப்படி ஒரே வரியில் மெயில் வரும். வேலைக்குப் புதியவர் உடனே ஜாப் போர்ட்டலைத் திறந்து, ‘சீனியர் அக்கவுண்டன்ட்’ என்று தட்டி, வந்ததில் 30 ரெஸ்யூமேக்களை அள்ளி அனுப்பிவிடுவார். மேனேஜர் அதில் 28-ஐ ஒதுக்குவார். மிச்சம் இருக்கும் இரண்டு பேரைக் கூப்பிடுவதற்குள் அவர்கள் வேறு இடத்தில் சேர்ந்திருப்பார்கள். இரண்டு வாரம் போனதுதான் மிச்சம். அனுபவம் உள்ளவர் அந்த மெயிலைப் பார்த்ததும் போர்ட்டலைத் திறக்க மாட்டார், மேனேஜருக்குப் போன் போடுவார். அந்தப் போனில் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது.

மீதிப் பாதியும் அதே விஷயம்தான். ஒருவரை வேலைக்கு எடுத்தாலும், பதவி உயர்வு கொடுத்தாலும், வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாலும், அந்த முடிவுக்குக் கையில் ஆதாரம் இருக்க வேண்டும். ‘ஆளைப் பார்த்தாலே தெரியுது’ என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இந்த வழிகாட்டியில் எந்தப் படியில் நின்றாலும் இதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரெக்ரூட்மென்ட் என்றால் காலியான நாற்காலியை நிரப்புவது. டேலண்ட் அக்விசிஷன் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்கிவிடுகிறது. அடுத்த வருடம் நிறுவனத்துக்கு என்ன திறமை தேவைப்படும், அந்தத் திறமை உள்ளவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், நம்மைப் பற்றி அவர்கள் என்ன கேள்விப்பட்டிருக்கிறார்கள் என்று நாற்காலி காலியாவதற்கு முன்பே யோசிக்கிற வேலை அது. டேலண்ட் மேனேஜ்மென்ட், ஆள் சேர்ந்த நாளிலிருந்து அவர் விலகும் நாள்வரை. பயிற்சி, செய்த வேலையை மதிப்பிடும் அப்ரைசல், பதவி உயர்வு, முக்கியமான பொறுப்புகளுக்கு அடுத்த ஆளைத் தயார்செய்வது, நல்லவர்கள் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் இதற்குள் அடங்கும். 1997-ல் மெக்கின்சி நிறுவனம் ‘வார் ஃபார் டேலண்ட்’ என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டது. ‘டேலண்ட்’ என்ற பேச்சு தலைமை அதிகாரிகளின் மேஜைவரை போனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

படி 1: உங்கள் சுபாவத்துக்கு எது ஒத்துவரும்?

ஆள் எடுக்கும் பக்கம் வேகமானது. ஒரு நாளில் 20 பேரிடம் பேசுவீர்கள், 15 பேர் வேண்டாம் என்பார்கள். முடிவு சில வாரங்களில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்: ஒன்று ஆள் சேர்ந்திருப்பார், இல்லையென்றால் சேர்ந்திருக்க மாட்டார். விற்பனையில் இருந்தவர்களுக்கு இந்தத் தாளம் உடனே பிடிபடும். வளர்க்கும் பக்கத்தில் நிதானம் வேண்டும். இந்த வருடம் தொடங்கிய பயிற்சித் திட்டம் பலித்ததா என்று தெரிய இரண்டு வருடம்கூட ஆகலாம். யாருக்கு அடுத்த பதவி, யாருடைய பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் வாயைத் திறக்க முடியாது. ரகசியம் காப்பது பாரமாகத் தோன்றுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் ஒத்துவராது.

என் அபிப்பிராயம்: எந்தப் பக்கம் போக ஆசைப்பட்டாலும் முதல் இரண்டு மூன்று வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருங்கள். நூற்றுக்கணக்கான பேரிடம் அவர்கள் செய்த வேலையைப் பற்றிக் கேட்டுக் கேட்டு வருகிற காது, பிறகு டேலண்ட் மேனேஜ்மென்ட்டில் ஒவ்வொரு நாளும் கைகொடுக்கும்.

படி 2: உள்ளே நுழையும் வாசல்கள்

வாசல் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்களைத் தேடிக் கொடுக்கும் கன்சல்டன்சியில் சேரலாம். டார்கெட் அழுத்தம் அங்கே அதிகம், ஆனால் ஒரே வருடத்தில் பல துறைகளின் வேலைகளைப் புரிந்துகொள்வீர்கள். ஒரு நிறுவனத்தின் எச்ஆர் பிரிவில் ரெக்ரூட்மென்ட் கோஆர்டினேட்டராக, நேர்காணலுக்கு நேரம் குறிப்பதிலிருந்து தொடங்கலாம். பெரிய நிறுவனங்களின் ஆளெடுப்பை மொத்தமாக ஏற்று நடத்தும் ஆர்பிஓ நிறுவனங்கள் மூன்றாவது வாசல்.

எச்ஆர் எம்பிஏ இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கதவு மூடிவிடாது. உண்மையில், வேறு துறையில் வேலை பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு பலம் உண்டு. நர்ஸாக இருந்தவர் நர்ஸ்களை எடுக்கும்போது, கோடிங் செய்தவர் புரோகிராமர்களை எடுக்கும்போது, எதிரே இருப்பவர் சொல்வதில் எது சரக்கு, எது வெறும் பேச்சு என்று சட்டென்று பிடித்துவிடுவார்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் உலகம் முழுக்க மதிப்புள்ளவை சில இருக்கின்றன. எச்ஆர் சான்றிதழ் வழங்கும் அமெரிக்க அமைப்பான எச்ஆர்சிஐ நடத்தும் ஏபிஎச்ஆர் தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை, தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு ஏற்றது. 1948-ல் அமெரிக்காவில் எச்ஆர் துறையினருக்காகத் தொடங்கிய எஸ்எச்ஆர்எம் அமைப்பின் ‘சிபி’, ‘எஸ்சிபி’ சான்றிதழ்களும், 1913-ல் தொழிலாளர் நலப் பணியாளர்களின் சங்கமாகப் பிறந்த பிரிட்டனின் சிஐபிடி வழங்கும் 3, 5, 7 நிலைப் படிப்புகளும் அடுத்தடுத்த கட்டத்துக்கு உதவும். முதல் வேலைக்கு முன்பே சான்றிதழ்களாகச் சேர்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் படித்தால் ஒவ்வொரு பாடமும் ஒரு முகத்தோடு நினைவில் நிற்கும்.

படி 3: தேவையைக் கேட்டு எழுதுவது

இந்தப் படியை அவசரப்படாமல் படியுங்கள். ஆளெடுப்பில் வரும் குழப்பங்களில் பெரும்பாலானவை இங்கேதான் முளைக்கின்றன. மேனேஜரோடு உட்கார்ந்து தேவையைப் பேசும் கூட்டத்துக்கு ‘இன்டேக் மீட்டிங்’ என்று பெயர். அரை மணி நேரம் போதும். அந்த சீனியர் அக்கவுண்டன்ட் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம்.

“சார், இவர் சேர்ந்து ஆறு மாசம் ஆனதும், ‘நல்ல ஆளைத்தான் எடுத்தோம்’னு நீங்க சொல்லணும். அதுக்கு அவர் என்ன செஞ்சு முடிச்சிருக்கணும்?”

“மாசக் கணக்கை அஞ்சாம் தேதிக்குள்ள முடிக்கணும். இப்போ பன்னெண்டு ஆகுது.”

“ஏன் பன்னெண்டு ஆகுது?”

“நாலு கிளையிலிருந்தும் கணக்கு லேட்டா வருது. யாரும் விடாம கேட்டு வாங்கறதில்லை.”

“அப்போ கணக்குத் தெரிஞ்சா மட்டும் போதாது. தன் கீழே இல்லாதவங்ககிட்டேயும் வேலை வாங்கத் தெரிஞ்சவரா இருக்கணும்.”

“ஆமா. அதுதான் முக்கியம்.”

‘பத்து வருட அனுபவம், தலைமைப் பண்பு’ என்று போயிருக்க வேண்டிய விளம்பரம் இந்த ஆறு வரியில் வேறாகிவிட்டது. இனி நீங்கள் தேடுவது வருடங்களை அல்ல, கிளைகளிடமிருந்து கணக்கை வாங்கி மாத முடிப்பைச் சுருக்கிக் காட்டியவரை. கூட்டம் முடிவதற்குள் இன்னும் மூன்றைக் கேட்டு வாங்குங்கள். கட்டாயம் வேண்டியவை எவை, இருந்தால் நல்லது என்பவை எவை? சம்பள வரம்பு எவ்வளவு, அது சந்தை நிலவரத்துக்கு ஒத்துவருகிறதா? நேர்காணலில் யார் எதை மதிப்பிடப் போகிறார்கள்? கட்டாயப் பட்டியல் ஐந்தைத் தாண்டினால் மேனேஜரோடு உட்கார்ந்து வெட்டுங்கள். எல்லாம் இருக்கிற ஆள் அந்தச் சம்பளத்துக்குக் கிடைக்க மாட்டார் என்று சொல்வதும் உங்கள் வேலைதான். பேசியதை அன்றைக்கே மெயிலில் எழுதி அனுப்பிவிடுங்கள். மூன்றாவது வாரத்தில் ‘நான் அப்படிச் சொல்லவே இல்லையே’ என்ற பேச்சு வராது.

படி 4: தேடுவது

ஆட்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலைக்கு ‘சோர்சிங்’ என்று பெயர். அதன் அடிப்படை, 19-ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஜார்ஜ் பூலின் பெயரால் வழங்கும் பூலியன் தேடல். ‘அண்ட்’, ‘ஆர்’, ‘நாட்’ என்ற மூன்று சொற்களை வைத்து வலையை அகலப்படுத்தலாம், சுருக்கலாம். சீனியர் அக்கவுண்டன்ட் என்று ஓரிடத்தில் அழைக்கப்படுகிறவர் இன்னொரு இடத்தில் ஃபைனான்ஸ் எக்சிக்யூட்டிவ், வேறொரு இடத்தில் ஜெனரல் லெட்ஜர் அனலிஸ்ட். இந்தப் பெயர்களை ‘ஆர்’ போட்டுச் சேர்த்து, ‘மன்த் எண்ட் க்ளோசிங்’ என்ற சொல்லை ‘அண்ட்’ போட்டு இணைத்தால், பதவிப் பெயரைத் தாண்டி வேலையைத் தேடுகிறீர்கள்.

ஆளைக் கண்டுபிடித்த பிறகு அனுப்பும் மெசேஜ் சுருக்கமாக இருக்கட்டும். அவருடைய புரொஃபைலில் எதைப் பார்த்து எழுதுகிறீர்கள், வேலை என்ன, சம்பள வரம்பு என்ன என்று சொன்னால் போதும். ‘அருமையான வாய்ப்பு’ என்று தொடங்கும் மெசேஜ் அவருக்கு வாரத்துக்குப் பத்து வருகிறது.

உள்ளே வேலை பார்ப்பவர்கள் பரிந்துரைக்கும் ரெஃபரல் வழி நல்ல பலன் தரும். ஆனால் அதை மட்டும் நம்பினால் நிறுவனம் முழுக்க ஒரே கல்லூரி, ஒரே வட்டாரம் என்று ஆகிவிடும். ரெஃபரலில் வந்தவருக்கும் மற்றவர்களுக்கு உள்ள அதே நேர்காணல்தான் என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

படி 5: நேர்காணலை ஒழுங்குபடுத்துவது

மேனேஜர்களில் பலர் ‘அரை மணி நேரம் சும்மா பேசினாலே ஆளை எடை போட்டுவிடுவேன்’ என்று நம்புகிறார்கள். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-ல், பல பத்தாண்டு ஆய்வுகளை மறுபடி கணக்கிட்டு வெளியிட்டார்கள். தேர்வு முறைக்கும் பிந்தைய வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பை அளக்கும் கணக்கு அது: 1 என்றால் அப்படியே பொருந்துகிறது, 0 என்றால் சம்பந்தமே இல்லை. கேள்விகளை முன்கூட்டியே எழுதி, எல்லாரிடமும் அதையே கேட்டு, மதிப்பெண் போடும் நேர்காணலுக்குக் கிடைத்தது 0.42. அதுவே பட்டியலில் முதலிடம். சும்மா பேசும் நேர்காணலுக்கு 0.19. அனுபவ வருடங்களுக்கு 0.07 மட்டுமே. ‘குறைந்தது எட்டு வருட அனுபவம்’ என்று விளம்பரத்தில் எழுதும் முன் இந்தக் கடைசி எண்ணை மேனேஜரிடம் ஒருமுறை காட்டுங்கள்.

செய்முறை எளிது. படி 3-ல் கிடைத்த தேவை ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். “உங்கள் கீழ் இல்லாத ஒருவரிடமிருந்து குறித்த நாளுக்குள் ஒரு வேலையை வாங்க வேண்டியிருந்த சமயம் ஒன்றைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது?” கேள்விக்குக் கீழேயே மதிப்பெண் விளக்கம் இருக்கட்டும். ‘மெயில் அனுப்பினேன், வரவில்லை, மேலதிகாரியிடம் சொன்னேன்’ என்றால் 1. நேரில் பேசி ஒருமுறை வாங்கினார் என்றால் 3. தாமதத்துக்கு என்ன காரணம் என்று கண்டுபிடித்து, இருதரப்புக்கும் வசதியான ஒரு முறையை ஏற்படுத்தி, அதற்குப் பிறகு தாமதமே வராமல் செய்திருந்தால் 5. கேட்டவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கு முன்னால் தனித்தனியாக மதிப்பெண் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அறையில் மூத்தவர் சொன்னதே எல்லாருடைய கருத்தாகிவிடும்.

‘நாங்கள்’ என்றே பேசிக்கொண்டு போகிறவரிடம் நிதானமாகக் கேளுங்கள்: “அதில் நீங்கள் மட்டும் செய்த பகுதி எது?” நிஜமாகவே செய்தவர் இந்தக் கேள்விக்கு மலர்வார். தேதி, ஆள், தடை, தீர்வு என்று விவரம் கொட்டும்.

படி 6: ஆஃபரும் மறுப்பும்

நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் நடந்தது. தேர்வாகியிருந்த ஒருவர் போனில் கேட்டார்: “மேடம், ஆஃபர் உறுதிதானே? நான் இங்கே ரிசைன் பண்ணிடவா?” எல்லாரும் சரி சொல்லியாயிற்று, கடிதம் இரண்டு நாளில் வந்துவிடும் என்று நினைத்து, “உறுதிதான்” என்றேன். அவர் ரிசைன் செய்தார். மறுநாள் நிர்வாகம் புதிய பணியிடங்கள் எல்லாவற்றையும் நிறுத்திவைத்தது. அவருக்கு இரண்டு குழந்தைகள். நான் அழைத்துச் சொன்னபோது அவர் கோபப்படவே இல்லை, “சரிங்க மேடம்” என்று மட்டும் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து ஒரே விதி: இருதரப்பும் கையெழுத்திட்ட கடிதம் உங்கள் கைக்கு வரும்வரை ரிசைன் செய்யாதீர்கள் என்று நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன்.

மறுப்பிலும் அதே மரியாதை வேண்டும். நேர்காணல்வரை வந்தவரைப் பதிலே சொல்லாமல் காத்திருக்க வைக்கக் கூடாது. இறுதிச் சுற்றுவரை வந்தவருக்கு மெயில் போதாது, கூப்பிட்டுச் சொல்லுங்கள். காரணத்தையும் வேலையோடு கட்டிச் சொல்லுங்கள்: “பல கிளைகளோடு வேலை செய்த அனுபவம் இன்னொருவருக்குக் கூடுதலாக இருந்தது.” இப்படி நல்லவிதமாக மறுக்கப்பட்டவர்களில் சிலர் பின்னாளில் எனக்கு நல்ல ஆட்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள், சிலர் அவர்களே வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

படி 7: எண்ணிக்கை

எக்செலில் உங்கள் கணக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, 10 பேருக்கு மெசேஜ் அனுப்பினால் 3 பேர் பதில் தருகிறார்கள், 3 பேரில் ஒருவர் நேர்காணலுக்குத் தேறுகிறார், 5 நேர்காணலுக்கு ஓர் ஆஃபர், 5 ஆஃபருக்கு 4 பேர் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் சேர 250 மெசேஜ் வேண்டும். மேனேஜர் ‘ஒரு வாரத்தில் நான்கு பேர்’ என்று கேட்டால் வாதாட வேண்டியதில்லை, இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

பணியிடம் திறந்த நாளிலிருந்து ஆள் ஒப்புக்கொள்ளும்வரை ஆகும் காலம் ‘டைம் டு ஃபில்’. அந்த ஆள் உங்கள் பார்வைக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் ‘டைம் டு ஹையர்’. நேர்காணலில் இந்த இரண்டையும் குழப்புகிறவர்கள் நிறைய. இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சேர்ந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் விட்டுப்போனவர்கள் எத்தனை பேர் என்பது. அடுத்த படிக்கான கதவும் அதுதான்.

படி 8: வளர்க்கும் பக்கத்துக்கு மாறுவது

ஆறு மாதத்தில் விட்டுப்போகிறவரிடம் ஏன் என்று கேட்டுப் பாருங்கள். ‘சொன்ன வேலை ஒன்று, கொடுத்த வேலை ஒன்று’, ‘முதல் வாரம் லேப்டாப்பே வரவில்லை’, ‘என் மேனேஜர் என்னிடம் உட்கார்ந்து பேசியதே இல்லை’. இதில் ஒவ்வொன்றும் டேலண்ட் மேனேஜ்மென்ட் தீர்க்க வேண்டிய பிரச்சினை. நீங்கள் எடுத்தவர்களுக்கு முதல் 90 நாளில் என்ன நடக்கிறது என்று பின்தொடர்ந்து ஓர் அறிக்கை எழுதிக் கொடுங்கள். நான் பார்த்தவரையில், அந்தப் பக்கம் மாறியவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் மாறினார்கள்.

அங்கே முதலில் சந்திப்பது ‘நைன் பாக்ஸ்’. ஒரு பக்கம் இப்போதைய வேலைத்திறன், இன்னொரு பக்கம் வளரும் வாய்ப்பு, நடுவில் ஒன்பது கட்டம். இரண்டிலும் உயர்ந்தவருக்கு மேல் வலது கட்டம். 1970-களில் ஜெனரல் எலெக்ட்ரிக்கும் மெக்கின்சியும் தொழில் பிரிவுகளை எடைபோட உருவாக்கிய கட்டம், பிறகு மனிதர்களுக்கு வந்தது. அதனாலேயே அதைக் கவனமாகக் கையாள வேண்டும். மேனேஜர்கள் கூடி மதிப்பீடுகளை ஒப்பிடும் கேலிபரேஷன் கூட்டத்தில் நடக்கும் பேச்சு இப்படி இருக்கும்:

“இவருக்கு நல்ல பொட்டென்ஷியல் இருக்கு. மேல் வலது கட்டத்துல போடுங்க.”

“போன ஆறு மாசத்துல அவர் செஞ்ச எதை வெச்சு சொல்றீங்க சார்?”

சற்று மௌனம். “மீட்டிங்ல நல்லாப் பேசுவார்.”

“உங்க டீம்லயே இன்னொருத்தங்க புதுசா வந்த மூணு பேரைத் தயார்பண்ணி, தனியா நிக்க வெச்சிருக்காங்க. அவங்க பேர் நடுக் கட்டத்துல இருக்கே?”

நேர்காணலில் கேட்ட அதே கேள்விதான். அதைக் கேட்கும் துணிவோடு அங்கே ஒருவர் இருந்தால் அமைதியாக வேலை செய்கிறவர்களின் வாழ்க்கை மாறும்.

இன்னொரு கண்ணி, நன்றாக வேலை செய்கிறவரை மேலே ஏற்றி, அவருக்கு ஒத்துவராத பதவியில் உட்கார வைப்பது. கல்வியாளர் லாரன்ஸ் பீட்டர் 1969-லேயே எச்சரித்தது இது. திறமையான புரோகிராமருக்கு அடுத்த படி மேனேஜர் பதவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிபுணராகவே உயர இன்னோர் ஏணி அமைத்துக் கொடுப்பதும் இந்த வேலையில் அடங்கும்.

அப்ரைசலில் அடிக்கடி மாற்றம் வரும். ஊழியர்களை வரிசைப்படுத்திக் கடைசியில் இருப்பவர்களை வெளியேற்றும் முறையை தலைமை அதிகாரி ஜாக் வெல்ச் காலத்து ஜெனரல் எலெக்ட்ரிக் பிரபலமாக்கியது. அடோபி 2012-ல் வருடாந்தர அப்ரைசலையே விட்டது, மைக்ரோசாஃப்ட் 2013-ல் வரிசைப்படுத்தலைக் கைவிட்டது. பயிற்சியின் பலனை அளக்க, 1959-ல் டொனால்ட் கிர்க்பாட்ரிக் சொன்ன நான்கு நிலைகள் இன்றும் உதவுகின்றன: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் நடந்துகொள்வது மாறியதா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. பல இடங்களில் முதல் நிலைக்கான ஒரு ஃபார்மோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாவது நிலைவரை போய் அளந்து காட்டுங்கள், உங்கள் பட்ஜெட்டில் கைவைக்க யோசிப்பார்கள்.

படி 9: சார்பும் செயற்கை நுண்ணறிவும்

பொருளாதார ஆய்வாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் சுமார் 5,000 போலி ரெஸ்யூமேக்களை அனுப்பி 2004-ல் வெளியிட்ட ஆய்வை இந்தத் துறையில் இருப்பவர்கள் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பினத்தவரின் பெயராகத் தோன்றியவற்றைவிட வெள்ளையரின் பெயராகத் தோன்றிய ரெஸ்யூமேக்களுக்கு 50 சதவீதம் கூடுதலாக அழைப்பு வந்தது. மாற்றியது பெயரைத்தான், தகுதியை அல்ல.

மென்பொருளிடம் விட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தவர்களுக்கு அமேசான் அனுபவம் பாடம். பழைய ரெஸ்யூமேக்களை வைத்துப் பழக்கிய அதன் ஆளெடுப்புச் சோதனைக் கருவி பெண்களைக் குறைத்து மதிப்பிட்டதும், அது கைவிடப்பட்டதும் 2018-ல் செய்தியானது. ஆகஸ்ட் 2024-ல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியச் சட்டம், ஆள் தேர்வுக்கான செயற்கை நுண்ணறிவை அதிக ஆபத்துள்ள பிரிவில் வைத்திருக்கிறது. விளம்பரம் எழுத, தேடல் சொற்கள் யோசிக்க, நேரம் குறிக்க இந்தக் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஒருவரை ஒதுக்கும் முடிவை மட்டும் அதனிடம் விடாதீர்கள். ‘ஏன் என்னை எடுக்கவில்லை’ என்று அவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

இன்றே தொடங்க

ஏணி பொதுவாக இப்படி: கோஆர்டினேட்டர், ரெக்ரூட்டர், சீனியர் ரெக்ரூட்டர், பிறகு லீட் அல்லது மேனேஜர், அதற்கு மேல் டேலண்ட் பிரிவின் தலைவர். மறுபக்கம் பயிற்சி அல்லது அப்ரைசல் நிபுணர், டேலண்ட் பார்ட்னர், மேனேஜர் என்று போகும். பெயர்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதனால் பெயரைவிட வேலையை விசாரியுங்கள்.

முதல் நேர்காணலுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள். ஏதாவது ஒரு வேலை விளம்பரத்தை எடுங்கள். அந்த வேலையைச் செய்கிற ஒருவரிடம் 20 நிமிடம் பேசி, ஆறு மாதத்தில் சாதிக்க வேண்டியது என்ன என்று கேட்டு விளம்பரத்தைத் திருத்தி எழுதுங்கள். அதற்கான மூன்று நேர்காணல் கேள்விகளையும், 1, 3, 5 மதிப்பெண்ணுக்கான விளக்கத்தையும் எழுதுங்கள். பத்துப் பேர் கிடைக்கும்படி ஒரு தேடல் வரியைத் தயாரித்து, எங்கே தேடினீர்கள் என்றும் குறியுங்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு பக்கம் வரும். “எங்களிடம் இப்போது திறந்திருக்கும் ஒரு பணியிடத்தை எப்படி நிரப்புவீர்கள்?” என்று கேட்கும்போது அந்த இரண்டு பக்கத்தை மேஜைமேல் வையுங்கள்.